ஏரி முழுக்கப் பச்சை, அது நல்லதா?

கேள்வி: தீபாவளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு இன்லே ஏரிக்குப் போனோம். சில இடங்களில் தண்ணீரே தெரியாமல் ஊதாப்பூச் செடி மூடியிருந்தது, படகுக்காரர் திட்டிக்கொண்டே ஓட்டினார். என் வீட்டுக்காரரோ, இவ்வளவு பச்சை இருந்தால் ஏரி செழிப்பு என்றுதானே அர்த்தம் என்கிறார். செடியைப் பார்த்தே ஏரியின் நலத்தைச் சொல்ல முடியுமா?
- வாசகி, ரங்கூன்

பதில்: முடியும். நான் படகுக்காரர் பக்கம். ஆனால் உங்கள் வீட்டுக்காரரையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, செடியே இல்லாத ஏரியும் பெரும்பாலும் கெட்ட ஏரிதான். எவ்வளவு பச்சை என்பதை விடுங்கள், எந்தச் செடி, எந்த ஆழத்தில் என்று பாருங்கள்.

நீங்கள் பார்த்தது ஆகாயத்தாமரை, தென் அமெரிக்கச் சரக்கு. வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டு அதிலிருந்தே சாப்பிடுவதால், தண்ணீரில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கூடக்கூடப் பரவும்; வாகான இடத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். இன்லேயில் மிதக்கும் தோட்டத்தில் தக்காளி போடுகிறார்களே, அந்த உரத்தில் ஒரு பங்கு ஏரிக்குத்தான் போகிறது, ஊர்க் கழிவுநீர் வேறு. மேலே செடி மூடியதும் கீழே வெளிச்சம் போய்விடும், பிராணவாயுவும் குறையும், அப்புறம் மீன் எங்கே இருக்கும்?

அசல் சாட்சி நீருக்குள் மூழ்கி வளரும் செடிகள். வெளிச்சம் எட்டும் ஆழம் வரைதான் அவை வேர்விட்டு நிற்கும், அதனால் அவை எவ்வளவு ஆழம் வரை இறங்கியிருக்கின்றன என்று அளந்தாலே பல மாதங்களாகத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று தெரிந்துவிடும். பாட்டிலில் பிடித்துப் போகும் தண்ணீர் அன்றைய கதையை மட்டும்தான் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் கொண்டுவந்த நீர் நெறிமுறையில் நீர்ச்செடிகளும் ஒரு கட்டாய அளவுகோலானது இதனால்தான்.

ஆய்வாளர்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை, கயிறு கட்டிய, பல் வைத்த வாரியைப் படகிலிருந்து வீசி இழுத்து, அந்தப் பல்லில் மாட்டி வருவதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். காரா என்று ஒரு பாசி உண்டு; தொட்டால் சுண்ணாம்பு படிந்து சொரசொரப்பாக இருக்கும், கசக்கினால் பூண்டு வாடை அடிக்கும். அது நிறைய வந்தால் தண்ணீர் தெளிவு, மணிச்சத்தும் குறைவு என்று பொதுவாக நம்பலாம். செரட்டோபில்லம் என்ற வேரே இல்லாத மூழ்குசெடி மட்டும் கொத்துக்கொத்தாக வந்து, இலைமேல் வழவழவென்று பழுப்புப் படலமும் இருந்தால் சத்து மிஞ்சிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

ஆனால் இன்லேயில் ஒரு சிக்கல். அங்குள்ள ‘இந்தா’ இன விவசாயிகள் அடியில் இருக்கும் செடியையும் சேற்றையும் அள்ளித் தோட்டத்துக்கு எருவாகப் போடுகிறார்கள். மோட்டார் படகு சேற்றைக் கலக்கிவிடுவதும் உண்டு. ஆகவே ஓரிடத்தில் செடி இல்லை என்றதும் ஏரி செத்தது என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் படகுக்காரரிடம் விசாரியுங்கள்.

ஆகாயத்தாமரையை வாரிவிட்டால் போதாதா என்றால், போதாது. கரையிலேயே குவித்தால் அழுகி, சத்தெல்லாம் மழையோடு திரும்ப ஏரிக்கே வரும். உரமும் சாக்கடையும் நிற்காதவரை வாரிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அதன் விதை வேறு சேற்றுக்குள் 15 வருஷம்கூட உயிரோடு கிடக்கும்.