பழைய கணினியை வீட்டு மீடியா சர்வராக்க எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

படங்களையும் பாடல்களையும் ஒரே கணினியில் சேமித்து, வீட்டிலுள்ள டிவிக்கும் கைபேசிக்கும் நெட்வொர்க் வழியாக அனுப்பும் ஏற்பாடே மீடியா சர்வர்.

இதற்குப் பழைய கணினியே போதும். ஏனெனில், டிவிக்குப் புரியும் வடிவில் கோப்பு இருந்தால், சர்வர் அதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. கேட்ட புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டும் நூலகரின் வேலைதான் அது. டிவிக்கு அந்த வடிவம் புரியாவிட்டால், நீங்கள் படிக்கப் படிக்கவே பக்கம் பக்கமாக மொழிபெயர்க்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. டிரான்ஸ்கோடிங் எனப்படும் இந்த மாற்றத்தில்தான் பழைய பிராசசர் மூச்சுத் திணறும்.

ஆகவே, 2017-இல் பரவலான இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் உள்ள, அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய டெஸ்க்டாப்பைத் தேடுங்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் வீடியோ பகுதியான அதன் உள் கிராபிக்ஸ், 10 பிட் ஹெச்இவிசி என்ற, அதிகம் சுருக்கப்பட்ட வடிவிலுள்ள வீடியோவையும் டிரான்ஸ்கோடிங்கின்போது தானே கையாளும். பிராசசரின் மாடல் எண் ‘எஃப்’ என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் இருக்காது. ரேம் 8 ஜிபி போதும். மென்பொருளுக்கு ஜெல்லிஃபின் இலவசம்.

பழையதாக வாங்கக் கூடாதது, என்னைக் கேட்டால், ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். வாங்கியே தீர வேண்டுமென்றால், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ‘ரீஅலோகேட்டட் செக்டர்’ எண்ணிக்கை, அதாவது பழுதானதால் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, பூஜ்ஜியமா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு டிஸ்க்குகளை, இரண்டிலும் ஒரே தகவலைப் பதியும் ரெய்டு 1 முறையில் இணைத்தால் அதுவே பேக்கப் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலிருந்தும் ஒரே நொடியில் போய்விடும்.