கூட்டம் தொடங்கும்போது என்ன கேட்கலாம்?

கேள்வி: துவாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில், என்னோடு சேர்த்து ஒன்பது பேர் உள்ள குழுவை நடத்துகிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. கலகலப்பாக இருக்கட்டும் என்று 'இரண்டு உண்மை, ஒரு பொய்' விளையாட்டு வைத்தேன். வயதில் மூத்த ஊழியர் ஒருவருக்கு முகமே சுருங்கிவிட்டது. இதெல்லாம் தேவைதானா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: விளையாட்டை விட்டுவிடுங்கள் சகோதரி; தொடக்கத்தில் எல்லோரும் ஒரு வார்த்தை பேசுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலதிகாரி முன்னால் தன்னைப் பற்றி ஒரு பொய்யைப் புனைந்து சொல் என்றால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு முன்பே அந்த மூத்த ஊழியரிடம் தனியாகப் போய், இனிமேல் விளையாட்டு இல்லை, கேள்வி இதுதான் என்று சொல்லிவிடுங்கள். யோசித்து வர நேரம் கிடைக்கும்.

அறுவைச் சிகிச்சைக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லிவிட்டார்களா என்று பார்ப்பதும் அதில் உண்டு. ஒரு தடவை பேசிவிட்ட தாதிக்கு, பிறகு தவறு ஏதாவது கண்ணில் பட்டால் 'டாக்டர், ஒரு நிமிடம்' என்று சொல்வது அவ்வளவு கடினமாக இருக்காது. உங்கள் கூட்டத்துக்கும் வேண்டியது அதுதான்.

அதனால் ஒரே வாக்கியத்தில் பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள். 'இந்த வாரம் உங்களுக்கு எந்த வேலை நகராமல் நிற்கிறது?' 'போன வாரம் உங்களுக்குக் கைகொடுத்தவர் யார்?' ஆளுக்கு 20 விநாடி என்றால் 3 நிமிடத்தில் முடிந்துவிடும். இன்றைக்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறீர்கள் என்று ஒன்று முதல் ஐந்து வரை விரல் காட்டச் சொல்லலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவருக்கு அது பெரிய உதவி. 'வார இறுதி எப்படிப் போனது?' மட்டும் வேண்டாம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு அது சங்கடமான கேள்வி.

முதலில் நீங்கள் சொல்லுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். 'இரண்டு விரல்தான், பிள்ளைக்கு பிஎஸ்எல்இ தேர்வு, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை' என்று நீங்களே சொன்னால் மற்றவர்களுக்கும் தைரியம் வரும். பதில் சொல்ல விரும்பாமல் 'பாஸ்' என்பவரை அப்படியே விட்டுவிடுங்கள். ஒருவர் ஒரு விரல் காட்டினால் எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்காதீர்கள். அப்புறமாக, 'வாங்க, கோப்பி குடிக்கலாம்' என்று அழைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. நகராத வேலை என்று ஒருவர் சொன்னதை அன்றைய கூட்டத்திலேயே எடுத்துப் பேசுங்கள், யார் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். கேட்டதோடு விட்டுவிட்டால் அடுத்த வாரம் எல்லோரும் 'எல்லாம் ஓகே' என்றுதான் சொல்வார்கள்.