இது லேபா ஜீப்ராவா? சிக்லிட் சந்தேகங்கள்

சிக்லிட்ங்கிற மீன் குடும்பத்த தொட்டில வளர்க்கிறவங்ககிட்டேர்ந்து இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல "இது அதுவா இதுவா"ங்கிற ரகம்தான், அதனால சேர்த்தே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அண்ணா, எல்லோ லேப்னு ஆறு குஞ்சு வாங்கினேன், வளர வளர ரெண்டு மட்டும் ஆரஞ்சாகுது. லேப் அப்படி மாறுமா?

மாறாது தம்பி. லேப்னா லேபிடோக்ரோமிஸ்ங்கிற மஞ்சள் சிக்லிட். உங்ககிட்ட ஆரஞ்சாகுறது ரெட் ஜீப்ராங்கிற வேற சிக்லிட்டா இருக்கும், இல்லன்னா லேபும் ஜீப்ராவும் சேர்ந்த கலப்பு. ஆனா கலர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, தீனி, லைட்டு, பயம் எல்லாத்துக்கும் கலர் ஏறும் இறங்கும். முதல்ல முதுகுத் துடுப்பப் பாருங்க, நல்ல லேபுக்கு முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் மை தொட்டு இழுத்த மாதிரி கருப்புப் பட்டை ஓடும், பெரிய ஆணுக்கு வயித்துத் துடுப்பும் கறுத்துப் போயிருக்கும். ஜீப்ராவுக்கு அந்தப் பட்டையே கிடையாது. அப்புறம் மூஞ்சி. லேப் பாறை சந்துல பூச்சி பொறுக்கித் திங்கிற மீன், அதனால வாய் சின்னதா கூரா இருக்கும். ஜீப்ரா பாறைல ஒட்டின பாசிய சுரண்டித் திங்கும், நெத்தி உருண்டு வாய் அகலமா இருக்கும். கலப்புன்னா பட்டை பாதிலயே மங்கிப் போகும், உடம்புல லேசா நிழல் விழுந்த மாதிரி குறுக்குக் கோடு தெரியும்.

இன்னொரு விஷயம், ஆப்பிரிக்காவுல லேபோட சொந்த ஊரான மலாவி ஏரில லேப் கூட்டம் நிறைய வெள்ளையும் நீலமுமாத்தான் இருக்கு, 1956ல அறிவியல் பேர் வச்சப்பவே செருலியஸ், அதாவது நீலம்னுதான் வச்சாங்க. நம்ம டேங்க்ல இருக்கிற மஞ்சள், அந்த ஏரில என்கட்டா பேங்கிற ஊர் பக்கம் ஒரு சின்ன கரையோரத்துலேர்ந்து வந்தது. அவ்வளவு சின்ன இடத்து மீன கலந்து கெடுக்கிறது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு. அந்த ரெண்டையும் தனி டேங்க்ல போடுங்க, குஞ்சு பொரிச்சா லேப்னு சொல்லி யாருக்கும் குடுக்காதீங்க.

கேள்வி: பிரிச்சார்டி, புல்ச்சர் எப்படி பிரிச்சுப் பாக்கிறது?

ரெண்டும் ஆப்பிரிக்காவோட டாங்கனிக்கா ஏரி சிக்லிட்தான். செவுள் மூடியப் பாருங்க, அவ்வளவுதான். பிரிச்சார்டிக்கு கண்ணுக்குப் பின்னாடி ஒரு கோடு படுக்கையா போய், செவுள்ல நிக்கிற கோட்டுல முட்டும், ஆங்கில டீ எழுத்த சாய்ச்சுப் போட்ட மாதிரி. புல்ச்சருக்கு ரெண்டு பிறை பக்கத்துல பக்கத்துல நிக்கும். மீன் ஓடிக்கிட்டே இருந்தா தெரியாது, தீனி போட்டு கண்ணாடிகிட்ட வரவச்சு மொபைல்ல போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க. டாஃபோடில்னு விக்கிறது புல்ச்சர்ல ஒரு வகை. இது ரெண்டும் ஒரே இனம்தான்னு சொல்ற ஆராய்ச்சியாளர்களும் உண்டு, ஆனாலும் ஒரே டேங்க்ல போட வேணாம், சுலபமா கலந்துடும். ஒரு ஜோடி மட்டும் வச்சுப் பாருங்களேன், முதல் ஈட்டுக் குஞ்சுங்க அடுத்த ஈட்டுக்குக் காவல் நிக்கும், பாத்துக்கிட்டே உக்காந்துடலாம்.

கேள்வி: ஆல்டம் ஏஞ்சல்னு அதிக விலை சொல்றாங்க, நெஜமா?

பக்கவாட்டுல நின்னு மூக்கு மேல பாருங்க. நெஜ ஆல்டம்னா நெத்தி செங்குத்தா இறங்கி மூக்குக்கு மேல டக்குனு ஒரு பள்ளம் விழும், விரல வச்சு அமுக்கின மாதிரி. பள்ளம் இல்லாம சரிவா இறங்கினா அது ஸ்கேலாரே, அதாவது கடைல சாதாரணமா கிடைக்கிற ஏஞ்சல், "பெரு ஆல்டம்"னு வர்றதும் ஸ்கேலாரேதான். ஆல்டம் தென் அமெரிக்காவோட ஒரினோகோ, ரியோ நீக்ரோ ஆத்துப் பக்கத்து மீன், மென்மையான அமிலத் தண்ணி, 28 டிகிரிக்கு மேல சூடு வேணும், போர் தண்ணில கடைக்காரர் சொகுசா வச்சிருந்தார்னா ரெண்டு தடவை யோசிங்க.

கேள்வி: ரெட் டெவில், மைடாஸ்னு ரெண்டு சிக்லிட், எப்படி பிரிச்சுப் பாக்கிறது?

உதடும் உடம்பும். டெவிலுக்கு உதடு தடிப்பு, உடம்பு நீளம். மைடாஸ் உயரமா இருக்கும். ஆனா டேங்க்ல வளர்ந்த டெவிலுக்கு உதடு சின்னதாயிடும், கடைல கிடைக்கிறது பெரும்பாலும் கலப்பு, அதனால பேருக்காக காசு அதிகம் குடுக்காதீங்க.

கேள்வி: கழிமுகத்துல வலை போட்டப்ப கரிமீன் குஞ்சு கிடைச்சது, டேங்க்ல விட்டா ஜிலேபி மாதிரி தெரியுதே?

நம்ம மண்ணோட சிக்லிட் பத்தி ஒருத்தர் கேட்டதே சந்தோஷம். ஜிலேபி, அதாவது திலாப்பியா, 1952ல இங்க கொண்டுவந்து விட்டது, கரிமீன் நம்மளது, கேரளா 2010ல மாநில மீனாவே அறிவிச்சது. ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்போட பின்பக்கம் ஒரு கரும்புள்ளி இருக்கும். கரிமீனுக்கு பக்கத் துடுப்பு அடில ஒரு கரும்புள்ளி இருக்கும், உடம்புல சாய்வான பட்டைங்க இருக்கும். அப்பவும் சந்தேகமா இருந்தா ஈரக் கையில எடுத்து அடிப்பக்கம் வாலுக்கு முன்னாடி இருக்கிற துடுப்புல முள்ள எண்ணுங்க, ஜிலேபிக்கு மூணுதான், கரிமீனுக்கு பன்னெண்டு, பதிமூணு வரும். மஞ்சளா, பட்டை இல்லாம, நடுவுல கரும்புள்ளியோட இருந்தா அது பள்ளத்தி, நம்ம ஊரோட இன்னொரு சிக்லிட், உள்ளங்கை அளவுக்கு மேல வளராது.