பகடிவதைக்கு ஒருநாள் முகாம் மருந்தாகுமா?

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். அவன் நண்பனின் சிற்றுண்டிக் காசைப் பெரிய மாணவர்கள் பிடுங்குகிறார்கள், வேனிலும் தொல்லை. தடுக்கும் பொறுப்பை மாணவர்களிடமே கொடுக்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒருநாள் தன்முனைப்பு முகாமுக்குத் தலைக்கு 35 ரிங்கிட் கேட்கிறது. கட்டலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. விளக்கை அணைப்பார்கள், சோகப் பாட்டு போடுவார்கள், பிள்ளைகள் தேம்பி அழும். அழுகையைப் படம் பிடித்து அடுத்த பள்ளிக்குக் காட்டி அங்கேயும் வசூல் செய்வார்கள். இன்னும் சிலர், "உன்னை அடிப்பவன் யார்? எழுந்து சொல்!" என்று எல்லார் முன்னிலும் கேட்கிறார்கள். சொன்ன பிள்ளை மாலையில் தனியாகத்தானே வீட்டுக்கு நடக்க வேண்டும்? "போலீஸ் பிடிக்கும்" என்ற மிரட்டல் வேறு. 10 வயது நிரம்பாத பிள்ளையின் செயல் குற்றமாகாது என்று மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 82ஆம் பிரிவே சொல்கிறது. அடுத்த மாதம் யார் திரும்பி வந்து பார்ப்பார்கள் என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள், பேச்சை மாற்றுவார்.

பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், அளவோடு. கனடாவில் பள்ளித் திடல்களைப் படம் பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். பகடிவதை நடந்தபோது பெரும்பாலும் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஐந்தில் ஒரு முறைகூட யாரும் குறுக்கிடவில்லை. குறுக்கிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடியில் அது நின்றது. ஆகவே வேடிக்கை பார்ப்பவனைப் பழக்குங்கள். சிரிக்காதே, "வா, விளையாடலாம்" என்று நண்பனை அங்கிருந்து அழைத்துப் போ, அன்றே ஆசிரியரிடம் சொல். நன்னெறிப் பாடத்தில் வாரம் பத்து நிமிடம் நடித்துப் பார்த்தால் போதும், செலவே இல்லை. அடிதடி என்றால் குறுக்கே போகாமல் பெரியவரிடம் ஓட வேண்டும். விசாரணையும் தண்டனையும் மாணவர் தலைவர்கள் கைக்குப் போகவே கூடாது.

வேன் மட்டும் தனிக் கதை. பள்ளி வாசலைத் தாண்டினால் எங்கள் பொறுப்பில்லை என்பார்கள். ஓட்டுநரோ சாலையைப் பார்ப்பதா பிள்ளைகளைப் பார்ப்பதா என்பார். செம்பனைக் காட்டு வழியே தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டுப் போகும் வேனில், கடைசியாக இறங்கும் பிள்ளைகள்தாம் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சின்னவர்களை ஓட்டுநருக்குப் பின் வரிசையில் உட்கார வையுங்கள். நிதானமான ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருவரைக் கடைசி இருக்கையில் அமர்த்துங்கள். அவர் அதட்ட வேண்டாம், நடந்ததை இறங்கியதும் உங்களிடம் சொன்னால் போதும். இடமாற்றத்தை ஓட்டுநரிடம் நீங்களே பேசுங்கள், கூட்டத் தீர்மானத்துக்குக் காத்திருக்காதீர்கள். அந்த ஆறாம் ஆண்டுப் பிள்ளையே தொல்லை தருபவரின் அண்ணனாக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள். சிறிய ஊரில் இது அடிக்கடி நடக்கிறது.

150 மாணவர்கூட இல்லாத நம் பள்ளிகள் பலவற்றில் முழுநேர ஆலோசக ஆசிரியர் கிடையாது. அறிக்கை கேட்பதற்கு மட்டும் மேலிடத்தில் ஆள் பஞ்சமே இல்லை. புகார்ப் பெட்டி தொங்கும். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. நண்பனின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, நாள், இடம், நடந்தது மூன்றையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நகலில் கையொப்பம் வாங்குங்கள். அசைவில்லை என்றால் அதே நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகம் செல்லுங்கள். அவசரத்துக்கு அரசின் தாலியான் காசே (Talian Kasih) உதவித் தொலைபேசி 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.