பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கப் போகிறோம், ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது. பிறகு குழந்தையோடு உறவு எப்படி இருக்கும்? எப்படிச் சமாளித்தீர்கள்?

நீங்கள் அப்பாவா அம்மாவா என்று கேள்வியில் இல்லை. குழந்தையை விட்டுத் தள்ளி இருக்கப்போவது நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். "சண்டை சச்சரவு இல்லாமல் பிரிகிறோம்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நாங்களும் சண்டை இல்லாமல்தான் பிரிந்தோம்.

எங்கள் மனு ஏழு பக்கம். நகைக்கு ஒன்றரைப் பக்கம். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், சீர்ப் பாத்திரம் எல்லாம் வரிசையாக இருந்தன. குத்துவிளக்கு ஒரு ஜோடியா இரண்டு ஜோடியா என்று வக்கீல் ஆபீசில் இரு வீட்டாரும் அரை மணி நேரம் பேசினோம். மகளுக்கு ஒரே ஒரு வரி. "குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும், தந்தை மாதம் இருமுறை பார்க்கலாம்." வக்கீல் படித்துக் காட்டினார், நான் தலையாட்டினேன். எந்தக் கிழமை, எங்கே, எத்தனை மணி நேரம், இரவு என்னோடு தங்கலாமா, தீபாவளிக்கு யாரிடம், முழுப் பரீட்சை லீவில் எத்தனை நாள், போனில் பேசலாமா, எதுவும் இல்லை. 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. மகளுக்கு நாலு வயது.

நான் சென்னையில், அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. மகளும் அவள் அம்மாவும் திருச்சியில். இந்த இடத்தில் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கேட்பதற்கு முன்னால். முதல் வருடம் 24 முறை போயிருக்க வேண்டும். போனது 11. ஓவர்டைம் இருந்தது, ஒரு தடவை டிக்கெட் கிடைக்கவில்லை. மற்ற தடவைகள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் 2020 மார்ச்சில் ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, அவசர மருத்துவம் என்று காரணம் கேட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்க என்பதற்கு அதில் இடமே இல்லை. இரண்டு முறை போட்டேன், இரண்டு முறையும் தள்ளுபடி. ஆகஸ்ட் மாதம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கியபோது, "சென்னையிலிருந்து வரவேண்டாம், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்" என்று திருச்சி வீட்டிலிருந்து பதில் வந்தது. அதில் நியாயமும் இருந்தது. வீடியோ காலாவது போடச் சொன்னால், மனுவில் அப்படி எதுவும் இல்லையே என்றார்கள். ஆமாம், இல்லைதான். அந்த ஒரு வரி அப்படியே பதினாறு மாதத்தை விழுங்கியது.

இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, பொம்பளைங்களே இப்படித்தான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் எந்த ஆண்கள் சங்கத்து ஆளும் இல்லை. காய்ச்சலுக்கு ராத்திரி முழுக்க விழித்திருப்பதும், ஹோம்வொர்க்கோடு மல்லுக்கட்டுவதும் மகளின் அம்மாதான். 11 முறை மட்டும் வந்த ஆளை அவள் எதற்காக நம்ப வேண்டும்?

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஐந்து வயது முடிந்தால் குழந்தை தானாக அப்பாவிடம் வந்துவிடும் என்று உங்களுக்கு ஒரு சித்தப்பாவாவது சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள். குழந்தைகளின் காப்பாளர் பற்றிய 1956-ம் வருட இந்துச் சட்டத்தில் இருப்பது, ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதுதான். ஐந்துக்கு மேல் போனால் அப்பாவுக்கு என்று அர்த்தம் இல்லை. எந்த வயதிலும் கோர்ட் முதலில் பார்ப்பது குழந்தையின் நலன். இன்னொன்று, இந்து திருமணச் சட்டப்படி பிரிகிறவர்கள் குழந்தை தொடர்பான ஷரத்தைத் தீர்ப்புக்குப் பிறகும் 26-வது பிரிவில் மாற்றக் கேட்கலாம். இது எனக்கு இரண்டு வருடம் தெரியாது. மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு, வக்கீலைக் கேளுங்கள்.

2021-ல் அப்படி ஒரு மனு போட்டேன். முதல் வாய்தாவுக்கு வராந்தாவில் நின்றிருந்தேன். படியேறி வந்த என் பழைய மாமனார் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் "வாங்க மாப்ள" என்றுவிட்டார். நானும் "வாங்க மாமா" என்றேன். அப்புறம் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் நோட்டீஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்தார்.

முதல் இரண்டு மாதம் மகளைப் பார்த்தது கோர்ட்டின் சமரச மையத்தில், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும். மகளுக்கு ஆறு வயதாகிவிட்டிருந்தது. என்னை "அங்கிள்" என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை. எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மாதத்தின் முதல், மூன்றாவது சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து ஞாயிறு மாலை 5 வரை. தீபாவளி ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். கோடை லீவில் பாதி. புதன்கிழமை இரவு 7.30-க்கு வீடியோ கால். உங்கள் மனுவில் இதெல்லாம் இப்போதே, தேதி மணியோடு வரட்டும். நன்றாகப் பழகிக்கொண்டிருக்கும்போதே எழுதி வாங்குவது அசிங்கமாகத் தோன்றும். தோன்றட்டும்.

திருச்சியில் எனக்கு வீடு கிடையாது. லாட்ஜுக்குப் போனால், தனி ஆள், கூட ஒரு சின்னப் பெண் குழந்தை. "பாப்பா யாரு சார்?" அவள் ஆதாரில் வேறு முகவரி. கேட்பது தப்பில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவள் முன்னால் கேட்கிறார்கள். கோர்ட் உத்தரவின் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

சென்னையிலும் வீட்டுக் கதை இதேதான். நாற்பத்தொரு வயது ஆளைப் பார்த்து "பேச்சிலருக்குத் தர்றதில்லைங்க" என்கிறார்கள்.    

உறவு எப்படி இருக்கும் என்றுதானே கேட்டீர்கள். 2022 ஜூனில், ஸ்கூல் ஷூ நான் வாங்கித் தருகிறேன் என்று அவள் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். போட்ட பிறகுதான் மகளின் கால் அளவே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. கேட்க வெட்கமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை மகளின் பைக்குள் தினத்தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் மகளை நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் பேனாவால் சுற்றி வரைந்திருந்தாள் அவள் அம்மா. ஓரத்தில் "வலது கால் கொஞ்சம் பெரிது" என்று அவள் கையெழுத்து. கல்யாணமாகிச் சேர்ந்து இருந்த நாலு வருடத்தில் எங்களுக்குள் இவ்வளவு தெளிவாக ஒரு தகவல் போனதாக ஞாபகம் இல்லை. அந்தப் பேப்பரைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு ஷூவை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்து, "ஒரு சைஸ் கூட்டி எடுங்க சார், பிள்ளைங்க வளரும்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பேப்பர் வரும். போன ஜூனில் பையைத் துழாவிப் பார்த்தேன், இல்லை. கேட்டதற்கு மகள், "மூணாம் நம்பர்ப்பா. நானே கடைக்கு வரேன், வெல்க்ரோ வேண்டாம், லேஸ் வெச்சது" என்றாள்.