கடன் கொப்பி சாட்சி சொல்லுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இலங்கையில் 1915 இல் மூண்ட சிங்கள–முஸ்லிம் கலவரத்தை வைத்து ஒரு நாவல் எழுதி வருகிறேன். கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளிக்கும், அந்தக் கடையை உடைத்தான் என்று தண்டிக்கப்பட்ட மூட்டை சுமக்கும் சிங்கள நாட்டாமி ஒருவனுக்கும் இடையிலான நட்பே கதை. அவன் குற்றமற்றவன் என்பது முதலாளிக்குத் தெரியும். கடைசியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொல்ல, அவன் விடுதலையாகிறான். இதில் வரலாற்றுப் பிழை ஏதும் உண்டா?
– வாசகி, தெஹிவளை

பதில்: கதை நல்ல கதை, அந்தக் கடைசிக் காட்சிதான் நிற்காது. யூரிகளின் முன் குற்றவாளியானவர் முறையிடுவதற்கென்று குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்நாட்டில் அமைந்ததே 1938 ஆம் ஆண்டின் சட்டத்தால்தான். அதிலும் தங்கள் நாட்டாமி யூரிகளின் முன் நிறுத்தப்பட்டிருப்பான் என்பதே சந்தேகம். மே 28 ஆம் திகதி வெசாக் இரவில் கண்டியில் மூண்ட கலவரம் சில நாட்களில் கொழும்பை எட்ட, ஜூன் 2 ஆம் திகதி தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அது ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. அந்நாட்களில் பலருடைய தலைவிதியைத் தீர்மானித்தவை இராணுவ அதிகாரிகளே நீதிபதிகளாக அமர்ந்த மன்றங்கள்.

அவற்றின் வேகத்துக்கு ஹென்றி பேதிரிஸ் ஒருவரின் கதையே போதும். கொழும்பு நகரக் காவற்படையில் கப்டனாக இருந்த அவர், தம் 26 ஆவது வயதில், ஜூலை 7 ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவச் சட்டம் வந்து அன்றைக்கு 35 நாட்கள். செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் படை அதிகாரியுமான ஒருவருக்கே அவ்வளவுதான் அவகாசம் கிடைத்ததென்றால், மூட்டை சுமந்த ஒருவனுக்காகப் பேச யாருக்கு எத்தனை நாள் கிடைத்திருக்கும்?

அவன் உயிரோடு மறியலில் இருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது முதலாளிக்கு மிஞ்சும் வழி தேசாதிபதிக்கு ஒரு பெட்டிசம். தங்கள் நாவலின் சிறந்த அத்தியாயம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கலகக்காரர் வந்த அதே வேளையில் நாட்டாமி வேறொரு தெருவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான் என்பதற்கு முதலாளியின் கடன் கொப்பியில் ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி அறபுத் தமிழில் எழுதப்பட்டதாக இருக்கட்டும். அதாவது பேச்சு தமிழ், எழுத்து அறபு. நம் முஸ்லிம்கள் சமய நூல்களுக்கும் கடிதங்களுக்கும் வெகுகாலம் கையாண்ட எழுத்து அது. பெட்டிசம் எழுதுபவர் தமிழ் தெரிந்தவர், ஆங்கிலமும் தெரிந்தவர். ஆனால் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஓர் எழுத்தும் விளங்கவில்லை. முதலாளி விரலை வைத்து வலமிருந்து இடமாக வாசித்துக் காட்டுகிறார். காதில் விழுவது சுத்தமான தமிழ். ஆனால் அதைச் சரிபார்க்கக் கூடியவர் அந்த அறையில் அவர் ஒருவரே. ஓர் உண்மை இருக்கும் இடம் தெரிந்தும் மேலிடத்துக்குப் போய்ச் சேராமல் நிற்பதை, எந்த நீதிமன்ற வாதத்தை விடவும் அந்த விரல் காட்டிவிடும்.

கேள்வி: கடையைப் பறிகொடுத்தவர், பறித்தவர்களின் இனத்தைச் சேர்ந்த ஒருவனுக்காகப் பேசுவார் என்பதை வாசகர் நம்புவார்களா?
– அதே வாசகி

பதில்: கோபத்தை மறைக்காவிட்டால் நம்புவார்கள். அரசாங்கக் கணக்கின்படியே 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்ட அந்த வாரத்துக்குப் பிறகு, தங்கள் முதலாளி பெருந்தன்மையோடு நடந்துகொள்வதைக் காட்டினால் அது சிறுவர் பாடப்புத்தகமாகிவிடும். அவன் பெயரைக் கேட்டாலே முதலில் அவருக்கு வயிறு எரியட்டும். நாட்டாமி அவருக்கு நான்கு ரூபாய் கடன்காரன். "கடன் தீராமல் அவன் சாகக் கூடாது" என்று அவர் சொல்வதிலிருந்தே நட்பு தொடங்கட்டும்.

கேள்வி: சேர் பொன்னம்பலம் இராமநாதனை 1915 நாவல் ஒன்றில் பாத்திரமாக்கலாமா?
– வாசகர், மாத்தளை

பதில்: ஆக்கலாம்; பின்னணியில் வைத்திருப்பது நல்லது. சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையரின் பிரதிநிதியாக இருந்த அவர், இராணுவச் சட்டத்தின் கீழ் சிங்களவருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைச் சபையில் எடுத்துரைத்ததும், போர்க்காலக் கடலைக் கடந்து லண்டன் சென்று முறையிட்டதும், திரும்பியபோது அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே இழுத்துச் சென்றதும் நாம் அறிந்தவை. அந்த வண்டிக் காட்சியை எழுத ஆசைப்படாத தமிழ் எழுத்தாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் வீதியோரம் நின்று அதைப் பார்க்கும் ஒரு முஸ்லிம் கடைக்காரர் என்ன நினைத்திருப்பார் என்பதையும் எழுத வேண்டும். அடிபட்டவர்களை விட்டுவிட்டு அடித்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்காக மட்டும் இராமநாதன் வாதாடினார் என்ற மனக்குறை முஸ்லிம்களிடையே நெடுநாள் இருந்தது.

மீண்டும் தெஹிவளை வாசகிக்கு: அனுப்பிய பக்கங்களில் முதலாளி வெலிக்கடைக்கு பஸ்ஸில் போகிறார். 1915 இல் அவர் ஏறியிருக்கக் கூடியது டிராம். மருதானை வழியாகப் பொரளைக்குப் போய் இறங்கினால் சிறைச்சாலை நடைதூரம்தான்; கொப்பியை அவர் எந்தக் கையில் பிடித்திருந்தார் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.