வளைகுடா நாட்டுக்கு ஒரு நெடும்பயணம்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடக்கே, கார்ப்பென்டேரியா வளைகுடாவை ஒட்டிய புல்வெளி நாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த நாள் முதல் அந்த ஆசை என்னை விடவில்லை. எனக்கு வயது 66. பணி ஓய்வு பெற்று மெல்பர்னில் வசிக்கிறேன். என் மனைவிக்கு 62. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பழைய கேரவன் ஒன்றையும் வாங்கிவிட்டேன். கெய்ர்ன்ஸில் தொடங்கி, நார்மன்டன், பர்க்டவுன், பொரலூலா வழியாக டார்வின் வரை மூன்று வாரத்தில் ஓட்டி முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் இருவரும் ஒரே பிடியாக எதிர்க்கிறார்கள். "மண் சாலையில் ஒன்றுமே இல்லை, போயே தீர வேண்டுமென்றால் மவுண்ட் ஐசா வழியாகத் தார்ச் சாலையில் போங்கள்" என்கிறார்கள். தார்ச் சாலையில் போவதற்கு அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? இந்த வயதில் இது விபரீத ஆசையா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். விபரீத ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். மே மாதம் பிறந்துவிட்டால் அந்தப் பக்கத்துச் சாலைகளில் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற தம்பதிகள்தான். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வயதன்று. ஒன்று, மூன்று வாரம் என்ற கெடு. மற்றொன்று, 'ஓட்டி முடித்துவிடுவேன்' என்று நீங்கள் ஒருமையில் எழுதியிருப்பது.

முதலில் கெடுவைப் பார்ப்போம். அந்த நாட்டில் மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டே பருவங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. மே முதல் அக்டோபர் வரை ஒரு துளியும் விழாமல் இருந்தாலும் வியப்பில்லை. வளைகுடாவை நோக்கி நிலம் ஏறத்தாழ மட்டமாகவே சரிவதால், பெருமழை பெய்தால் ஆறுகள் கரைக்குள் நிற்பதில்லை. பக்கத்து ஆறுகளோடு கலந்து நாடு முழுவதும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். 2023 மார்ச்சில் பர்க்டவுன் ஊரையே காலி செய்து மக்களை விமானத்தில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. மழை நின்ற பிறகும் தரைப்பாலங்கள் வெளியே தெரியவும், அரித்துப்போன சாலையைச் செப்பனிடவும் வாரங்கள் பிடிக்கும். மேயில் புறப்படுகிறவர்கூட, இன்ன சாலை திறந்திருக்கிறதா என்று ஒவ்வோர் ஊரிலும் கேட்டுக்கொண்டுதான் அடுத்த ஊருக்குப் போக முடியும்.

இந்த நிலத்தைப் புரிந்துகொண்டு வேலை செய்த ஒருவரைக் காட்டச் சொன்னால் நார்மன்டன் ரயில்பாதையைப் போட்ட ஜார்ஜ் பிலிப்ஸ் என்ற பொறியாளரைத்தான் காட்டுவேன். குரோய்டனில் தங்கம் கிடைத்ததால் அந்த ஊருக்குத் திருப்பிவிடப்பட்டு 1891இல் முடிந்த பாதை அது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம். நாட்டின் வேறெந்த ரயில்பாதையோடும் அது என்றுமே இணைக்கப்படவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டைகளைப் போட்டால் கறையான் தின்றுவிடும், மேடு கட்டினால் வெள்ளம் கொண்டுபோய்விடும் என்பதால், உள்ளே குழிவான எஃகுக் கட்டைகளைச் செய்து, அவற்றின் வயிற்றில் மண்ணை அடைத்து, நேரே தரையிலேயே பதித்தார் அவர். வெள்ளம் வந்தால் பாதை முழுகிக் கிடக்கும். வடிந்ததும் ரயில் ஓடும். அந்தக் கட்டைகளில் பெரும்பாலானவை இன்றும் அப்படியே கிடக்கின்றன. 'கல்ஃப்லாண்டர்' என்ற பழைய ரயில் வாரம் ஒரு முறை, புதன்கிழமை நார்மன்டனிலிருந்து புறப்பட்டு, குரோய்டனில் இரவு தங்கி, வியாழக்கிழமை திரும்புகிறது. மூன்று வாரத் திட்டத்தில் ஒரு புதன்கிழமையைத் தவறவிட்டால் அடுத்த புதன்வரை காத்திருக்க உங்களுக்கு மனம் வராது. அவசரமில்லாதவருக்கு அது ஒரு பொருட்டே அன்று.

காத்திருக்க முடியாமல் போனவர்களின் கதையும் அதே ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்குக் கடற்கரைவரை கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட பர்க்கும் வில்ஸும், உச்சக் கோடையில் உள்நாட்டிலுள்ள கூப்பர் கிரீக் என்ற ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பி, நடு மழைக்காலத்தில் இந்தச் சேற்றுக்குள் வந்து சேர்ந்தார்கள். 1861 பிப்ரவரியில் அவர்கள் முகாமிட்ட 119ஆம் எண் முகாம் நார்மன்டனுக்கு அருகில் இருக்கிறது. ஒட்டகங்கள் சேற்றில் புதைந்ததால் அவற்றை விட்டுவிட்டு இருவரும் மேலும் நடந்து பார்த்தார்கள். ஆற்று நீர் உப்புக் கரித்தது, ஓதம் ஏறி இறங்கியது. ஆனால் இடையில் நின்ற அலையாத்திக் காட்டைத் தாண்டிக் கடலைக் கண்ணால் காண முடியாமலே திரும்பினார்கள். திரும்பும் வழியில் இருவரும் மாண்டார்கள். உடன் சென்ற கிங் என்பவர் மட்டும் பிழைத்தார், அதுவும் யாண்ட்ருவாண்டா பழங்குடி மக்கள் சோறு போட்டதால். அவர்கள் காணாத கடலை நீங்கள் கரும்பாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். நார்மன்டனிலிருந்து 70 கிலோமீட்டர்தான், முழுவதும் தார்ச் சாலை.

ஆகவே மூன்று வாரத்தை மூன்று மாதமாக்குங்கள். முடியாவிட்டால் டார்வினை விட்டுவிட்டுக் கரும்பாவோடு திரும்புங்கள். கெய்ர்ன்ஸிலிருந்து நார்மன்டன் வரையிலான ஏறத்தாழ 700 கிலோமீட்டரே ஒரு பயணத்துக்குப் போதும். ரேவன்ஸ்ஹோ என்ற ஊரைத் தாண்டியதும் மழைக்காடு முடிந்து யூகலிப்டஸ் புல்வெளி தொடங்கும். அண்டாராவில், ஏறத்தாழ 1,90,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடியபோது மேற்புறம் இறுகி உள்ளே வடிந்துபோனதால் உண்டான நீண்ட குகைகள் இருக்கின்றன. வழிகாட்டியோடு உள்ளே போகலாம். அங்கிருந்து மேற்கே போகப் போகச் சில இடங்களில் தார் ஒரு வண்டியின் அகலத்துக்கே இருக்கும். எதிரே ரோட் டிரெயின் வந்தால், அதாவது 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள, மாடுகளையோ தாதுவையோ ஏற்றிய தொடர் லாரி வந்தால், நீங்கள்தான் முழுமையாக ஓரம் இறங்கி நிற்க வேண்டும். அந்த லாரியால் ஒதுங்கவும் முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. அது கடந்துபோனபின் செம்மண் தூசி அடங்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் சொல்லும் மவுண்ட் ஐசா வழியை நீங்கள் இளப்பமாக நினைப்பது எனக்கு உடன்பாடில்லை. சாலை இரண்டாகப் பிரியும் இடம் நார்மன்டன். முடிவை மெல்பர்னில் எடுக்காமல் அங்கே போய் எடுங்கள். தெற்கே திரும்பினால் கிளான்கரி வரும். 1928 மே 17 அன்று பறக்கும் மருத்துவர் சேவையின் முதல் விமானம் அந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. அதைத் தொடங்கிய ஜான் ஃபிளின்னின் பெயரில் அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நெருக்கடியில் உங்களைத் தூக்கிச் செல்ல வரப்போகிறவர்களும் அந்தச் சேவையினரே.

அந்தப் பக்கத்துச் சமவெளியில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், மஞ்சள் பூவும் வெள்ளை முள்ளும் மாலை கோத்ததுபோல் இடுங்கிய காயுமாக நிற்பது நம் கருவேலமரம். நிழலுக்கும் தீவனத்துக்கும் ஆகுமென்று குயின்ஸ்லாந்துக்காரர்கள் நட்டது இன்று மிட்செல் என்ற புல் வளரும் சமவெளிகளில் பல இலட்சம் ஹெக்டேரை அடைத்துக்கொண்டு, நாடு முழுவதும் ஒழிக்கப்பட வேண்டிய களைகளின் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. சீமைக் கருவேலத்தோடு நாம் படும் பாட்டை அவர்கள் நாட்டுக் கருவேலத்தோடு படுகிறார்கள்! சாலையோரம் மேயும் மாடுகளுக்கும் திமில் இருக்கும். பிராமன் என்ற அந்த இனம் அமெரிக்காவில் ஓங்கோல், கிர் முதலிய இந்திய மாடுகளிலிருந்து உருவாக்கப்பட்டு 1933இல் குயின்ஸ்லாந்துக்கு வந்தது. வெயிலையும் உண்ணியையும் தாங்கியதால் வடக்கு முழுவதும் பரவியது. ஆக, தார்ச் சாலையில் ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம்.

மண் சாலைதான் வேண்டுமென்றால், உங்கள் பழைய கேரவன் அதற்காகச் செய்யப்பட்டதா என்பதை ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பர்க்டவுனிலிருந்து பொரலூலாவரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர், இடையில் ஹெல்ஸ் கேட் என்ற ஒற்றைச் சாலைவிடுதியைத் தவிரப் பெரும்பாலும் ஆளரவமில்லாத வழி. சாலை பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கவிழ்த்துப் போட்டதுபோல் வரிவரியாக இருக்கும்; டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினாலும் சாதாரண கேரவனின் அலமாரித் திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அரிசியும் பருப்பும் தரையில் ஒன்றாகக் கலந்து கிடப்பதை மாலையில் பார்ப்பீர்கள். ஆற்றைக் கடக்குமிடங்களில் ஆழம் பார்க்க இறங்கி நடப்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே அது கூடவே கூடாது. வளைகுடா ஆறுகள் அனைத்திலும் உவர்நீர் முதலை உண்டு. நார்மன்டன் கடைத்தெருவில் 8.63 மீட்டர் நீளத்தில் ஒரு முதலைச் சிலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. 1957இல் பக்கத்து ஆற்றில் ஒரு பெண்மணி சுட்டுவீழ்த்தியதாகச் சொல்லப்படும் முதலையின் அளவாம் அது. கூடாரமோ கேரவனோ, நீரோரத்திலிருந்து குறைந்தது 50 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் கரையில் கொட்டாதீர்கள். பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டாதீர்கள். கங்காருவும் மாடும் அப்போதுதான் சாலைக்கு வரும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி அவருடைய நோயைத் தவிர வேறொன்றும் இல்லை. அவருக்கு இந்தப் பயணம் விருப்பமா என்றே தெரியவில்லை. கரும்பாவில் ஒரு கேரவன் பூங்காவில், எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி ஏழு மீட்டர் கேரவனை ரிவர்ஸ் எடுத்து இரண்டு மரங்களுக்கு நடுவே நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் பின்னால் நின்று கைகாட்டினார், ஒரு சொல்லும் பேசவில்லை. தலைசுற்றல் வந்ததிலிருந்து அவர் ஓட்டுவதில்லையாம். அதற்கு முன்பே அந்த அம்மாள் பழகி வைத்திருந்ததால் வழக்கம்போல் ஆண்டுதோறும் வருகிறார்கள். நம்மவர்களில் பல வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. உரிமம் இருந்தும் மனைவி கடைக்குப் போக மட்டுமே வண்டியை எடுக்கிறார். கேரவனைக் கொக்கியில் மாட்டுவதும், டயர் மாற்றுவதும், செயற்கைக்கோள் தொலைபேசியை இயக்குவதும் கணவருக்கு மட்டுமே தெரிந்த வித்தைகளாக இருக்கின்றன. அடுத்த ஊர் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் உங்களுக்கு நெஞ்சு வலித்தால் அவர் என்ன செய்வார்? நோயாளி அவர் ஒருவர்தான் என்ற கணக்கில் நீங்கள் திட்டம் போட்டிருக்கிறீர்கள்.

இன்சுலினைப் பொறுத்தவரை, வண்டியின் பேட்டரியில் ஓடும் நல்ல ஃபிரிட்ஜும், அது நின்றுபோனால் காப்பாற்ற ஒரு குளிர்ப்பையும், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மருந்தைத் தேவைக்கு இரட்டிப்பாக வாங்கி, பாதியை வேறோர் இடத்தில் வையுங்கள். ஊர்களை விட்டு நகர்ந்தால் கைப்பேசி வேலை செய்யாது என்பதால் செயற்கைக்கோள் தொலைபேசியை வாடகைக்காவது எடுங்கள். தினமும் மாலை பிள்ளைகளோடு இரண்டு வார்த்தை பேசினால் அவர்களுடைய எதிர்ப்பில் பாதி தானாகக் குறையும். காய்கறி, மளிகையை, கெய்ர்ன்ஸைத் தாண்டி வரும் அதர்ட்டன் என்ற ஊரில் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமேல் எல்லாமே சிறிய கடைகள், விலையும் கூடுதல்.

புறப்படுவதற்கு முன் இருவரும் கேரவனை இழுத்து ஓட்டும் பயிற்சி வகுப்புக்குப் போங்கள். மெல்பர்னில் அப்படிப்பட்ட வகுப்புகள் நடக்கின்றன. பிறகு அவருடைய கையால் எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். நார்மன்டனில் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று அவரும் கேட்டால், இன்னும் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்.